அந்தக் கரைக்குப் போனவள்

— மெதுவா, மெதுவா! இலை நனைஞ்சு கிடக்கு, கீழ கல்லு வழுக்கும். கொலோனியாவைச் சுத்திப் பார்க்க ஸ்பெயின்ல இருந்து வந்துட்டு, காலை ஒடிச்சுக்கிட்டுப் போகாதீங்க சார்.

— நீங்கதான் காலையில இருந்து நடக்கறீங்க. கொஞ்சம் உட்காருங்க.

— அட போங்க, ஊர் காட்டுறவனுக்குக் கால்தானே முதலு! சரி, இந்தக் கோட்டை மதில்ல உட்காருவோம். கோடையில இங்க நிக்க இடம் கிடைக்காது. இலை உதிர ஆரம்பிச்சாதான் இது எங்க ஊர். அதோ, ஆத்துக்கு அந்தாண்ட மங்கலா தெரியுது பாருங்க, அதான் புவனோஸ் ஐரிஸ். என் பையன் வில்மார் அங்கதான் இருக்கான்.

— வந்து போறாரா?

— எங்க! 'படகு ஏறினா என் வாசப்படி மிதிக்காதே'ன்னு அன்னைக்குக் கோவத்துல கத்திட்டேன். அப்பன் சொன்னதுல அதை மட்டும் கேட்டான், படுபாவி.

— அவங்க அம்மா...?

— நெலிதா போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டா. சொல்லி அனுப்பினேன், சாவுக்கும் வரல. இந்தாங்க, மாத்தே, எங்க ஊர் இலைத் தேநீர், குடுவையோட பிடிங்க. சூடா இருக்கும், பார்த்து உறிஞ்சுங்க.

— ம்.

— இன்னொண்ணு?

— ஊத்துங்க. அவர் இப்போ வந்தா வீட்டுக்குள்ள விடுவீங்களா?

— அவனுக்கு நீங்க என்ன வக்கீலா சார்?

— சும்மாதான் கேட்டேன்.

— சரி, இந்த மூணாவதையும் குடிங்க.

— ம்.

— ஸ்பெயின்காரன் முதல் குடுவையிலயே நன்றி சொல்லிடுவான். இங்க நன்றி சொன்னா 'போதும், இனிமே ஊத்தாதே'ன்னு அர்த்தம்னு அவனுக்கு எங்க தெரியும்? நீ மூணு குடுவையைக் காலி பண்ணிட்டு, நாலாவதுக்குக் கை நீட்டுறே. எதுக்குடா இந்த வேஷம், வில்மார்?

— அப்பா...

— படகுத்துறையிலயே சந்தேகப்பட்டேன். தாடி வெச்சுட்டா பெத்தவனுக்குத் தெரியாதா?

— அப்புறம் ஏன்பா ஊரெல்லாம் சுத்திக் காட்டினீங்க?

— நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். ஒவ்வொரு தெருமுனையிலயும் பார்த்தேன்.

— பயமா இருந்துச்சுப்பா. விரட்டிட்டா அம்மா கல்லறையைக்கூடப் பார்க்க முடியாதேன்னுதான். அங்க கூட்டிட்டுப் போங்கப்பா. ஒரே ஒரு தடவை. அப்புறம் போயிடறேன்.

— அவ இங்க இல்லடா. அந்தக் கரையில ஆத்துல விட்டுட்டேன்.

— என்னப்பா சொல்றீங்க?

— 'அவன் வரமாட்டான், என்னை அவன்கிட்ட கொண்டு போயிடு'ன்னு கடைசியா கேட்டா. சாம்பலை ஒரு பையில வெச்சுக்கிட்டு, நான் சபிச்ச அதே படகுல ஏறினேன். உன் அடுக்குமாடி வாசல் வரைக்கும் வந்து மணியை அழுத்தினேன்.

— யாரும் வரலியே! நான் வீட்டுலதானே இருந்திருப்பேன்!

— இருந்தே. வாசல் சுவத்துல இருந்த பேசுற பெட்டிக்குள்ள இருந்து 'யாரு?'ன்னு உன் குரல் வந்துச்சு. அப்பான்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. 'மன்னிக்கணும், மணி மாத்தி அழுத்திட்டேன்'னேன். 'பரவாயில்ல பெரியவரே'ன்னு மரியாதையாத்தான் சொன்னே. பையில இருந்து உங்கம்மாவும் உன் குரலைக் கேட்டா.