பூட்டிய மருத்துவமனை

எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும். சோள அறுவடை முடிந்துவிட்டால் எங்கள் மாநிலத்துச் சாலைகளில் கண்ணை மறைக்க ஒன்றும் இருக்காது. பிரசார நிர்வாகி கார் ஓட்டுவது வழக்கமில்லை என்று வாஷிங்டனிலிருந்து வந்த கட்சிக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் ஆர்லன் ஹெக்ஸ்ட்ரம் ஆளுநர் தேர்தலில் நின்றபோது, என் பக்கத்து இருக்கையைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டேன் என்றுவிட்டான்.

நாங்கள் ஒரே பள்ளியில் மல்யுத்தம் செய்தவர்கள். பிறகு அதே பள்ளியில் அவன் பயிற்சியாளரானான். பிரென்னர் ஊர் மருத்துவமனையை மூடினார்கள். அவனிடம் படித்த பெண் ஒருத்தி, பிரசவ வலியோடு டோலன்ட் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தையை இழந்தாள். அதற்குப் பிறகுதான் அவன் அரசியலுக்கு வந்தான். இனி ஒரு மருத்துவமனையும் மூடப்படாது என்பது ஒன்றே அவனுடைய வாக்குறுதி. அதை நானும் நம்பினேன். இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மக்கள் அவனை விரும்பினார்கள், ஆனால் ஓட்டுப் போடுவதாக இல்லை. தொலைக்காட்சியில் வாய் திறந்தால் திக்கினான். நாங்கள் தோற்கப்போகிறோம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

அன்று ஒரு தேவாலயக் கூடத்தில் மதியச் சாப்பாடு. சில்லி என்கிற காரமான இறைச்சி-பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். திரும்பும்போது அவன் முகம் வியர்த்திருந்தது.

"டேய் லைல், தாடை வலிக்குதுடா. அந்த சில்லிய ரெண்டாவது தடவ வாங்கியிருக்கக் கூடாது."

"நெஞ்சு?"

"உன்ன மாதிரி ஒரு தடியன் ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கு. ராபர்ட்டாகிட்ட சொல்லிடாத. நாளையிலேருந்து கஞ்சிதான் ஊத்துவா."

ராபர்ட்டா அவன் மனைவி.

நாற்சந்தியில் வண்டியை நிறுத்தினேன். இடது பக்கம் டோலன்ட், சற்று நேரத்தில் போய்விடலாம். வலது பக்கம் பிரென்னர். நான் எதையும் திட்டமிட்டிருக்கவில்லை. வாக்குச்சீட்டுகள் அச்சாகிவிட்டன, இனி அவன் பெயரை நீக்க முடியாது, செத்த பிறகும் அவன் வென்றால், துணை ஆளுநர் பதவிக்கு அவனோடு நிற்கும் கிரெட்சன் டால் ஆளுநராகப் பதவியேற்பாள் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த விஷயங்கள். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தன, அவ்வளவுதான்.

வலது பக்கம் திரும்பினேன்.

"டோலன்ட் அந்தப் பக்கம்டா."

"பேசாத. மெதுவா மூச்சு விடு."

"ஆம்புலன்ஸக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

அன்று அவனிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பிரென்னர் மருத்துவமனையின் கதவுகளில் பலகை அடித்திருந்தார்கள். அவனை வாசற்படியில் சாய்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன். எதிரே சலவைக்கடையில் இருந்த பெண் தன் கைபேசியில் படம் பிடித்தாள். அதை நாடே பார்த்தது. நான் நடித்ததாக நினைக்காதீர்கள். கை வீங்கும் வரை தட்டினேன். அதன் பிறகு ஆம்புலன்ஸை அழைத்தேன். அது டோலன்டிலிருந்து வந்து சேர்ந்தபோது அவன் உயிரோடு இல்லை.

ராபர்ட்டா ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

"ஏன் லைல் டோலன்ட் போகல?"

"பதட்டத்துல வழி தவறிட்டேன், ராபர்ட்டா."

"பாவம், நீதான் என்ன பண்ணுவ" என்று சொல்லி என் கைக்கு அவளே ஐஸ் வைத்தாள்.

செத்தவன் பெயருக்கு மக்கள் ஓட்டை அள்ளிக் கொட்டினார்கள். கிரெட்சன் அந்தப் பலகை அடித்த கதவின் முன்னால் நின்று பதவிப் பிரமாணம் எடுத்தாள். அன்று அவள் பேசிய உரை நான் எழுதியது. பலரும் அழுதார்கள். இரண்டாம் குளிர்காலத்தில், நிதி இல்லை என்று டோலன்ட் மருத்துவமனையையும் மூட உத்தரவிட்டாள்.

அவள் அறைக்குப் போனேன். "ஆர்லன் எதுக்காகச் செத்தான், கிரெட்சன்?"

கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மாரடைப்பு வந்து செத்தாரு, லைல். நீ தூங்கி ரொம்ப நாளாச்சு போலருக்கு. வீட்டுக்குப் போ."

அதனால்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன். குற்ற உணர்வால் அல்ல. வெறும் மாரடைப்பில் போனவன் என்று அவனை யாரும் சொல்லக் கூடாது. ஆர்லனைக் கொன்றது நான். அந்தக் கொள்கைக்காக உயிரைக் கொடுக்க அவன் தயாராகத்தான் இருந்தான். கேட்டிருந்தால் சரி என்றிருப்பான். கேட்கத்தான் எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. வழிநெடுக அவன்தான் வண்டியைத் திருப்பச் சொல்லி என்னைக் கெஞ்சிக்கொண்டே வந்தான்.