எலி கடித்த ஒயர்

– சார்ஜர் வாங்க லேப்டாப்பையே தூக்கிட்டு வந்தது நல்லதாப் போச்சும்மா. மாடல் பேரை மட்டும் எழுதிக்கிட்டு வந்து பாதிப் பேர் திரும்பிப் போவாங்க. கவுத்து வைங்க, அடியில ஸ்டிக்கர் இருக்கும்.

– கண்ணாடி எடுத்து வரலை தம்பி. நீங்களே படிச்சிடுங்க.

– பத்தொம்பதரை வோல்ட். மூணு புள்ளி மூணு நாலு ஆம்பியர். அறுபத்தஞ்சு வாட். நடுவுல ஊசி வச்ச பின்.

– கிடைக்குமா?

– கிடைக்காம என்ன? எனக்குப் பின்னாடி பாருங்க, வவ்வால் மாதிரி வரிசையாத் தொங்குது. யாராவது இல்லைன்னு சொன்னாங்களா?

– யாரும் சொல்லலை. நான் வர்ற முதல் கடையே இதுதான்.

– இதுல மூணு வகை இருக்கு. கம்பெனியோடது. அதே மாதிரி வெளியில செஞ்சது. அப்புறம் எட்டு முனை போட்டு வர்ற பொது அடாப்டர். அது பொதுக் கிணறு மாதிரி, யார் வேணா மொண்டுக்கலாம், தண்ணி எப்படின்னு மட்டும் கேக்கக் கூடாது.

– எது உள்ள இருக்கிறதை எரிச்சிடாது?

– வோல்ட் மாறினாத்தான் வம்பு. ஆம்பியர் கூட இருந்தாப் பரவாயில்லை, அது தனக்கு வேணுங்கிறதைத்தான் இழுக்கும். குறைஞ்சாத்தான் சார்ஜ் ஏறாம முனகிக்கிட்டே கிடக்கும்.

– கம்பெனியோடதே குடுங்க. உள்ள ஒரு புத்தகம் இருக்கு, முந்நூறு பக்கம். பதிப்பகத்துல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. எது வரைக்கும் பார்த்து வச்சிருக்கார்னு தெரியணும்.

– சாரோடதா?

– வீட்டுக்காரரோடது.

– பழைய அடாப்டர் இருக்கா? பின்னை ஒத்துப் பார்த்துடலாம்.

– பையில இருக்கு. எலி கடிச்சிருச்சு.

– காட்டுங்க. அம்மா, இது எலி இல்லையே! எலி கொறிச்சா விளிம்பெல்லாம் பிசிறு பிசிறா நிக்கும். இது ஒரே வெட்டு, கத்தரிக்கோல். ஒயர் எப்படி இப்படி அறுந்துச்சு? வீட்டுல வாண்டுப் பசங்க இருக்காங்களா?

– பசங்க யாரும் இல்லை.

– அப்புறம்?

– நான்தான்.

– கரண்ட்ல இருக்கும்போதா? தூக்கி எறிஞ்சிருக்குமேம்மா.

– ப்ளக்கைப் பிடுங்கி வச்சிட்டுத்தான் வெட்டினேன். அவ்வளவு நிதானமா இருந்திருக்கேன். ஆத்திரத்துல செஞ்சேன்னு சொல்லிக்கக்கூட வழியில்லை.

– எதுக்கும்மா?

– டாக்டர் கையை விரிச்சிட்டார். மூணு மாசம்னார். இவர் என்னடான்னா, யாரோ எழுதின புத்தகத்துல ஒற்று வருமா வராதான்னு பார்த்துக்கிட்டுக் கிடந்தார். வச்ச சாப்பாடு ஆறிப் போகும், நான் பக்கத்துல நின்னா நிமிர மாட்டார். அவருக்கு ஓய்வு வேணும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுவும் பொய். இருக்கிற நாள்ல என் முகத்தைப் பார்க்கட்டும்னுதான் செஞ்சேன்.

– பார்த்தாரா?

– சுவத்தைப் பார்த்தார். கடைக்குப் போனியான்னு கேப்பார். செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, இந்த மாடலுக்கு இப்ப வர்றதே இல்லையாம்னு சொல்வேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும், பாவம் உனக்குத்தான் அலைச்சல்னு சொல்வார். போன மாசம் போயிட்டார் தம்பி.

– இருங்கம்மா. பிழை திருத்துறவரா? நிறுத்தி நிறுத்திப் பேசுவாரா, நடுவுல இருமல் வருமா?

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– போன் பண்ணினார். இந்த வட்டாரத்துல இருக்கிறதே இந்த ஒரு கடைதானே. வோல்ட், ஆம்பியர் எல்லாம் ஒவ்வொரு எண்ணாப் படிச்சு, என்னைத் திரும்பச் சொல்லவச்சு, தப்பில்லைன்னு ஆனப்புறம்தான் விட்டார். எலி கடிச்சதுன்னு வீட்டுல சொல்றாங்கன்னார். டஜன் கணக்குல இருக்கு சார், வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்னேன்.

– இருக்குன்னு சொல்லிட்டீங்களா?

– சொல்லிட்டேன். டஜன் கணக்குலயான்னு இன்னொரு தடவை கேட்டுக்கிட்டார். அப்புறம், வேண்டாம்ப்பான்னார். நாப்பது வருஷம் பிழை பார்த்தவனுக்கு எலிப் பல்லு எது, கத்தரிக்கோல் எதுன்னு தெரியாதான்னு சிரிச்சார்.

– சிரிச்சாரா?

– சிரிச்சார்மா. தினம் அம்பது பேர் வந்து போற இடம், அவர் கடைசியாச் சொன்னது எனக்கு மறந்தே போச்சு. என்னைக்காவது ஒரு நாள் அவ இதைத் தேடி வருவா, நல்லதாப் பார்த்துக் குடு, ஒயர் எப்படி அறுந்துச்சுன்னு மட்டும் கேட்டுடாதேன்னார். நான் கேட்டுட்டேனேம்மா.