தனியாத்தான் வந்திருக்கேன்

பிள்ளைகளே, இந்த இடத்துல பட்டமளிப்புப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு சொல்லட்டுமா? சின்னக் கதைதான். ஆனா இதுல வர்ற ஆளு நல்லவன் இல்ல... அந்த ஆளு நான்தான்.

ஆறு வருஷத்துக்கு முந்தி மஸ்கட்ல பட்டிமன்றம். நான் நடுவர். எங்க குழுவுல பேச வடிவு டீச்சர் வந்தாங்க. தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில தமிழாசிரியை. என்கூட நூறு மேடை ஏறினவங்க. ராத்திரி முழுக்க பஸ்ல உக்காந்து, காலையில நேரா சென்னை விமான நிலையத்துக்கு வந்துட்டாங்க. கசங்கின சேலை, கையில ஒரு கட்டைப்பை, அதுக்குள்ள புளியோதரை.

விழாக்காரங்க எனக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டிருந்தாங்க. டீச்சருக்குச் சாதா டிக்கெட். உள்ளே போனா, விமானம் அஞ்சு மணி நேரம் தாமதம்னு அறிவிக்கிறான்!

என் டிக்கெட்டுக்கு லவுஞ்ச் உண்டு. லவுஞ்ச்னா என்ன? மெத்து மெத்துன்னு சோபா, சூடா சாப்பாடு, சத்தமில்லாத அறை. பெரிய டிக்கெட் இருந்தா விடுவான். சில பேங்க் கார்டு இருந்தாலும் விடுவான். ஒண்ணுமே இல்லன்னா காசு கட்டிட்டும் போகலாம்.

நான் சொன்னேன், "டீச்சர், அங்க பிசினஸ் கிளாஸ்காரங்களை மட்டும்தான் விடுவாங்க போல..."

"அதனால என்ன அண்ணாச்சி, நீங்க போய் சாப்பிடுங்க. பையை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, எதுக்குச் சுமக்கீங்க?"

பையைக் குடுத்துட்டுப் போனேன். லவுஞ்ச் வாசல்ல ஒரு பொண்ணு. டிக்கெட்டைப் பாத்துட்டுச் சிரிச்ச முகமா கேட்டுச்சு:

"சார், உங்ககூட யாராவது வந்திருக்காங்களா? ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்."

நல்லா கவனிங்க. கேட்டுச்சு! கதவைத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேட்டுச்சு!

எனக்குப் பின்னாடி கோட்டு சூட்டு போட்ட ஒருத்தர் நின்னாரு. அப்பத்தான், "சார், உங்க பேச்சை டிவியில பாத்திருக்கேன்"னு கை குடுத்திருந்தாரு. என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? அந்தக் கசங்கின சேலை... அந்தக் கட்டைப்பை... சோபாவுல உக்காந்து புளியோதரையைப் பிரிச்சுட்டாங்கன்னா?

சொன்னேன். "இல்லம்மா... தனியாத்தான் வந்திருக்கேன்."

நாங்க பேசப் போன பட்டிமன்றத் தலைப்பு என்ன தெரியுமா? 'மனிதனை உயர்த்துவது அன்பா, அறிவா?' சிரிக்கிறீங்க... சிரிங்க. எனக்கு இன்னும் சிரிப்பு வரல.

மத்தியானம் பன்னிரண்டு மணி. தட்டு நெறைய வச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். வாசல்ல பழகின குரல் கேக்குது. ஒரு கண்ணாடித் தடுப்புதான் நடுவுல.

"ஏம்மா, உள்ள பட்டிமன்ற நடுவர் ஐயா இருக்காங்க. அவங்க பிரஷர் மாத்திரை பையோட என்கிட்ட இருக்கு. நேரத்துக்குப் போடணும், கொஞ்சம் குடுத்துருதியா?"

"மேடம், நீங்க அவர்கூட வந்தவங்களா? அப்போ உள்ளேயே வரலாமே! நான் அவரைக் கேட்டேனே... தனியா வந்திருக்கேன்னு சொன்னாரே?"

...

எடுத்த கவளத்தைத் தட்டுலயே வச்சுட்டேன்.

டீச்சர் சொல்றாங்க: "ஆமாம்மா. அவர் தனியாத்தான் வந்தாரு. எனக்கு அவரைத் தெரியும், அவ்வளவுதான்."

என் மானத்தைக் காப்பாத்த அவங்க பொய் சொல்றாங்க! நான் என்ன செஞ்சிருக்கணும்? எந்திரிச்சு நாலு எட்டு வச்சிருந்தா வாசல் வந்திருக்கும். "டீச்சர், தப்பு பண்ணிட்டேன், உள்ள வாங்க"ன்னு சொல்லியிருக்கலாம். செஞ்சேனா? இல்ல. பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சேன். அந்தப் பொண்ணு வந்து மாத்திரையைக் குடுத்துச்சு. "தேங்க்ஸ்"னேன். அது என் மூஞ்சியையே பாத்துட்டுப் போயிருச்சு.

மறுநாள் மேடையில டீச்சர் என்னை எப்பவும்போல "எங்கள் மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே"ன்னுதான் கூப்பிட்டாங்க. ஒரு சொல் குறையல. கூட்டம் கை தட்டுச்சு. நான் மேசையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு என்ன தீர்ப்பு சொன்னேன்னு கேட்டா, இப்பவும் ஞாபகம் இல்ல.

திரும்பி வரும்போது மஸ்கட் விமான நிலையத்துல தைரியத்தை வரவழைச்சுக்கிட்டுச் சொன்னேன். "டீச்சர், லவுஞ்சுக்குப் போவோம் வாங்க. கேட்டுட்டேன், உங்களையும் விடுவாங்களாம்."

டீச்சர் என்னை நிமிர்ந்து பாத்தாங்க. கோபமே இல்ல.

"வேண்டாம் அண்ணாச்சி. இப்ப உள்ள வந்து உக்காந்தா, அன்னைக்கு ஏன் கூப்பிடலன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருப்பேன். இங்கயே இருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க"ன்னாங்க. நானும் லவுஞ்சுக்குப் போகல, அவங்களுக்கு ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்தேன். அதுக்கப்புறமும் எங்க குழுவுல பேசினாங்க, நல்லாத்தான் பேசினாங்க. ஆனா 'அண்ணாச்சி' போய் 'சார்' வந்துருச்சு. இன்னைக்கு வரைக்கும் சார்தான்.

பிள்ளைகளே, இன்னைக்குப் பட்டம் வாங்குறீங்க. நாளைக்கு உங்களுக்கும் ஒவ்வொரு கதவா தொறக்கும். தொறக்கும்போது கேப்பாங்க, உங்ககூட யாராவது வந்திருக்காங்களான்னு. அந்தக் கேள்வியை ஒரு தடவைதான் கேப்பாங்க. அப்ப பக்கத்துல யார் நிக்கிறா, என்ன நினைப்பாங்கன்னு பாத்தீங்க... என்னை மாதிரி ஆயிருவீங்க. தப்பை ஒரு நொடியில பண்ணிரலாம். அப்புறம் எத்தனை லவுஞ்சுக்குக் கூப்பிட்டாலும் அந்த நொடி திரும்ப வராது.

இன்னொண்ணு. நான் உள்ள வரும்போது பாத்தேன். ஆளுக்கு ரெண்டு பாஸ்தான் குடுத்திருக்காங்களாம். மிச்சம் வந்தவங்க எல்லாம் வெளிய சைக்கிள் ஸ்டாண்டு நிழல்ல நிக்கிறாங்க. உங்க அத்தை, உங்க மாமா, உங்களை டவுன்ல வச்சுப் படிக்க வச்ச சித்தி... இங்க பின்னாடி நாலு வரிசை காலியா கிடக்கு.

கல்லூரி முதல்வர் ஐயா, அவங்களை உள்ள விடலாமா? தலையாட்டிட்டீங்க, ரொம்ப நன்றி.

பிள்ளைகளே, எந்திரிங்க. போய்க் கூட்டிட்டு வாங்க... நான் காத்திருக்கேன்.