நாற்பத்தொன்றாவது ஓட்டம்

நான் காபியை எப்போதும் பை-டூவாக, ஒன்றை இரண்டு கோப்பையில் பாதிப் பாதியாகத்தான் வாங்குவேன். முழுக் கோப்பை குடித்தால் நெஞ்செரியும். மறுபாதி சௌபர்ணிகாவுக்கு. பெங்களூரு ஆய்வகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரேடார் பார்ப்பதை மூன்று கணினிகள் பங்கு போட்டுக் கணக்கிட்டு, விமானங்களைத் திரையில் புள்ளிகளாகக் காட்ட வேண்டும். அசல் கணினிகள் வருமுன், ஒரே கணினிக்குள் அந்த மூன்றையும் பாவனையாக ஓட்டிப் பார்ப்போம். கணினிகளுக்கிடையே செய்தி எங்கே தாமதமாகும் என்பதை நாம் கொடுக்கும் தொடக்க எண்தான் முடிவு செய்யும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் எண். நூறு ஓட்டங்களும் தேறினால்தான் ஒப்படைக்கலாம்.

"சார், நாப்பத்தொண்ணாவது ஓட்டத்துல ஒரு புள்ளி பன்னெண்டு செகண்டு காணாம போகுது," என்றாள்.

"எண்ணை மாத்திப் பாரும்மா."

"மாத்தினா வருது சார். நிஜ வானத்துல எந்த எண்ணை மாத்துவீங்க?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். ஆயுத பூஜைக்குள் ஒப்படைப்பதாக மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஓட்டத்தை நீக்கி, வேறு எண் போட்டு நூறையும் நிரப்பிக் கையெழுத்திட்டேன். பூஜையன்று கணினிகளுக்கு அவள்தான் குங்குமம் வைத்தாள்.

பிறகு வெள்ளோட்டம். இரண்டு சிறு விமானங்களை மேலே அனுப்பி, எங்கள் திரையை மட்டும் நம்பித் தரையிலிருந்து வழிகாட்டுவார்கள். ஒன்றில் எங்கள் ஆள் ஏறிக் குறிப்பெடுப்பது வழக்கம். எப்போதும் நான்தான் ஏறுவேன். அந்த முறை பட்டியலில் அவள் பெயரை எழுதினேன்.

"அவ்வளவு சந்தேகம்னா நீயே ஏறிப் பாரு."

"ஏறறேன் சார். காணாம போனா தேடுவீங்கல்ல?"

அன்று கனத்த மேகம். ரேடாரில் மேகமும் தெரிந்ததால் வேலை கூடி மூன்றாவது கணினி பிந்தியது. அவள் இருந்த விமானத்தின் புள்ளி திரையிலிருந்து மறைந்தது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்பது வரும்போது, வழி காலி என்று நினைத்து, கட்டுப்பாட்டாளர் மற்ற விமானத்தை அந்த உயரத்துக்கு இறக்கச் சொன்னார். அவர் தோளைத் தொட்டிருக்கலாம். பன்னிரண்டில் புள்ளி வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியவராது என்று பேசாமல் நின்றேன். பதின்மூன்றிலும் வரவில்லை.

விமானங்கள் மோதி, அவளையும் சேர்த்து ஐந்து பேர் செத்தார்கள். காபிக் கடைக்காரர் இன்னும் பழக்கத்தில் இரண்டு கோப்பை வைக்கிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

விபத்து விசாரணைக்கு நீங்கள் கேட்ட அறிக்கைக்காக அன்றைய பறப்பை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஆறு ஓட்டங்களில் மோதின. எண்ணை மாற்றினேன். ஏழாவதில் புள்ளி மறையவே இல்லை. சௌபர்ணிகா பத்திரமாக இறங்கிவிட்டாள். அந்த ஓட்டத்தைத்தான் இணைத்திருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.