சலவைக்கடை அக்காவை முன்மொழிகிறேன்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, இவன் எப்போது முடிப்பானோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தையற்கடை அண்ணன் அவர்களே; கையில் கிரீஸ் காயும் முன்பே பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தம்பிமார்களே; முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியவர்களே; அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு, அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே; நான் பேசுவதில் பாதி புரியாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டும் பிறமொழிச் சொந்தங்களே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நம் மூன்று தெருவுக்கும் சேர்த்து நகர மன்றத்தில் இருப்பது ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்கு நம் சங்கத்தின் சார்பில் யாரை நிறுத்துவது? அதை இன்று மாலை முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் நாளை மனு கொடுக்கக் கடைசி நாள். என் பெயரை எதிர்பார்த்துத்தான் பலர் வந்திருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி காலையிலேயே வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டாள். எனக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் இந்த ஒலிபெருக்கியே நம்பாது.

‘மைக்கு’ என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் நீங்கள். சாக்கடையைப் பற்றி நான் முழங்காத மேடை உண்டா? தெருமுனையில் முழங்கினேன், சந்தையில் முழங்கினேன், சந்துக்குச் சந்து முழங்கினேன். நான் முழங்க முழங்கக் கைதட்டல் உயர்ந்தது. கூடவே தண்ணீரும் உயர்ந்தது. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் தச்சரின் மனைவிக்கு வலி எடுத்த அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வரமாட்டேன் என்றது. வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து, முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் சுமந்து போனோம். குழந்தை நன்றாக இருக்கிறது. அதோ, அப்பன் தோளில் தூங்குகிறது.

அடைத்தது யார்? தையல்காரர் தெருவின் துணித்துண்டு என்றது பட்டறைத் தெரு. பட்டறைத் தெருவின் எண்ணெய்ப் பிசுக்கு என்றது தையல்காரர் தெரு. கடைசியில் இரண்டு தெருவும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டன. தவறு மேட்டுத் தெருச் சலவைக்கடையின் சோப்பு நுரை மேல் என்று முடிவு கட்டி, கடைக்கார அக்காவின் வாசலில் போய் நின்றன. ஏன் அவர்? அவர் நம் மொழி பேசாதவர். நம் மொழியில் திருப்பித் திட்ட வராது என்று நினைத்துவிட்டோம். திட்ட நன்றாகவே வந்தது என்பது வேறு கதை.

அக்கா உள்ளே போனார். துணிக்குப் போடும் நீலத்தை ஓர் அண்டாவில் கரைத்து இழுத்து வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “நான் இத சாக்கடைல ஊத்துறேன். நீங்க எல்லாம் உங்க உங்க தெரு மூடியத் திறந்து பாருங்க. நீலம் என் தெருவிலயே நின்னா நாளைலேர்ந்து கடை கிடையாது, சாவிய நீங்களே வச்சுக்கங்க. தாண்டி வந்துச்சுன்னா வாயை மூடிக்கிட்டு என்கூட நடங்க.”

பிழைப்பையே பணயம் வைத்தார் ஐயா, பிழைப்பையே. இரண்டு பிள்ளைகளும் படுத்த படுக்கையான கணவரும் அந்த ஒரு கடையின் வருமானத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

ஊற்றினார். மேட்டுத் தெருவைத் தாண்டியது நீலம். தையல்காரர் தெரு மூடியருகே நின்றவர் கையை ஆட்டினார். பட்டறைத் தெரு மூடியிலும் கை ஆடியது. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆனால் ஆடும் கைக்கு அகராதி எதற்கு? நீலத்தின் பின்னால் நடந்து, நடந்து, பக்கத்துத் தெருவுக்குள் பல வருடமாகக் கால் வைக்காதவர்கள் எல்லாம் பெருஞ்சாலை ஓரத்தில் ஒன்றாக வந்து நின்றோம். புதிதாகப் போட்ட நடைபாதைக்கு அந்தப் பக்க மூடியில் நீலம் வரவில்லை. வரவே இல்லை.

நகராட்சி ஊழியர் வந்து, “அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். மூன்று தெருவும் அந்த நடைபாதை மேலேயே உட்கார்ந்துவிட்டது. தலைவர் அண்ணன் அக்காவிடம் போய், “தப்பா பேசிட்டோம், மனசுல வச்சுக்காதம்மா” என்றார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அதெல்லாம் அப்புறம். வண்டி வருது, புள்ளைங்கள முதல்ல இந்தப் பக்கம் கூப்பிடுங்க” என்றார். பொழுது சாய்வதற்குள் நகராட்சி ஆட்கள் வந்து நடைபாதைக் கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே, நடைபாதை போட்டவர்கள் தள்ளிவிட்டுப் போன காங்கிரீட் உடைசல். எந்தத் தெருவின் குப்பையும் இல்லை, எந்த மொழியின் குப்பையும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். நான் நின்றால் எனக்கு யார் வாக்களிப்பார்கள்? என் தையல்காரர் தெரு. பட்டறைத் தெரு ஒருவரை நிறுத்தும், மேட்டுத் தெரு இன்னொருவரை நிறுத்தும். வாக்கு மூன்றாகப் பிரியும், பழைய உறுப்பினர் பல்லைக் காட்டிக்கொண்டு அதே நாற்காலியில் போய் உட்காருவார். நம் எல்லோரையும் ஒரே இடத்துக்கு நடக்கவைத்தவர் ஒருவர்தான். அவரை, சலவைக்கடை அக்காவை, நான் முன்மொழிகிறேன்.

பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. “மன்றத்துல போய் அவங்க எப்படிப் பேசுவாங்க?” நியாயமான கேள்வி, தம்பி. கோபம் வந்தால் அவருக்கு நம் மொழி சரளமாக வரும். கணக்கு வழக்கு, சட்டதிட்டம் என்றால் தடுமாறும். ஆனால் அவர் மொழி எனக்குப் புரியும். என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் கடை; எத்தனையோ வருடம் அவர் போட்ட சண்டைகளைக் கேட்டே கற்றுக்கொண்டேன். அவர் சொல்லட்டும், அவர் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், நான் எடுத்துச் சொல்கிறேன். கூட்டாமல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம், பழகிக்கொள்கிறேன்.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம். அண்ணே, நாற்காலியை இப்படி நடுவில் போடுங்கள். அக்கா, மேலே வாங்க. நீங்க பேசுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்.