சிவப்புக் குமிழ்

— கறுப்ப தொடாதக்கா, அது ஆக்ஸிலேட்டரு. பக்கத்துல சேப்பா ஒரு குமிழு இருக்குதில்ல, அத புடி.

— இது நம்ம பழைய மொபெட்டு சோக்குடா. இதயா கழட்டி இதுல மாட்டி வச்சிருக்க?

— வேற கெடைக்கல. பெட்ரோலும் காத்தும் எவ்ளோ கலக்கணும்னு அதுலதான் வைக்கணும். வெளிய இழு. மெதுவா.

— இழுத்தா இன்னா ஆவும்?

— பெட்ரோல் கம்மியா போவும். மேல காத்து மெல்லிசு, அவ்ளோ பெட்ரோல் வேணாம். காலைல பாதியில நிறுத்திட்டு டெலிவரிக்கு கெளம்பிட்டேன், முழுசா உள்ள தள்ளினபடியே கெடக்குது. டேங்கு எவ்ளோ காட்டுது?

— இடது காலி. வலதுல முள்ளு படுக்கப் பாக்குது.

— வண்டிய ரிசர்வுல போடுவியே, அந்த மாதிரி கீழ ஒரு திருகு இருக்கும். வலது பக்கம் திருப்பு.

— திருப்பிட்டேன். ஏன் அன்பு, கம்ப்யூட்டர்ல ஓடுற ப்ளேன்தானடா இது. புதுசா ஆரம்பிச்சா டேங்கு ரொம்பி வராதா?

— வரும். ஆனா வேற எங்கயாவது கொண்டுபோய் வுட்டுடும். அங்கேருந்து நம்ம மலைக்கு ஓட்டிகினு வர்றதுக்குள்ள இந்த பட்டன் போன் செத்துடும். சார்ஜு ஒரு கோடுதான் காட்டுது. நல்ல போனு பாறையில மோதி நொறுங்கிப்போச்சி.

— கால் எப்டிடா இருக்கு?

— வண்டிக்கு அடியில இருக்கு. காலைல உசுரு போற வலி. இப்ப வலியே இல்ல. அதான் பயமா இருக்கு.

— எப்பா, அப்டி சொல்லாதடா. உன்கூட டெலிவரி பண்ற எளவரசனும் பாரஸ்ட்டுகாரங்களும் கரியாலூர்லேருந்து தேடிகினுதான் இருக்காங்க. எடம் மட்டும் தெரிஞ்சா போதும்ன்றாங்க.

— தெரிஞ்சா சொல்ல மாட்டனா? குறுக்கு வழின்னு பூந்தேன், மஞ்சு மூடிகிச்சி, உருண்டுட்டேன். நீ மேப்புல தேடுனாலும் வெறும் பச்சையாத்தான் தெரியும். இந்த ப்ளேன் கேம்ல மேடு பள்ளமெல்லாம் நெசத்துல இருக்குற மாதிரியே இருக்கும். நான் பாக்குறத சொல்றேன், நீ அங்க தேடு.

— சொல்லு.

— எதிர்ல ரெண்டு பாறை, ஒண்ண பொளந்து வச்ச மாதிரி. நடுவுல மரவள்ளிக் கொல்லை. பின்னாடி ஒரு ஓடை.

— இங்க எல்லாமே பாறையாத்தான் தெரியுது.

— மொதல்ல அந்த குமிழ பாரு. இழுக்க இழுக்க ஆர்பிஎம் முள்ளு ஏறும். ஏறி எறங்க ஆரம்பிச்சா நிறுத்திட்டு, லேசா உள்ள தள்ளு. செரியா?

— ஏறுது. ஏறுது. இப்ப எறங்குது. டேய், முள்ளு கெடந்து ஆடுது.

— ஜாஸ்தியா இழுத்துட்ட. உள்ள தள்ளு. அக்கா, இன்னா பண்ண? சத்தம் நின்னுபோச்சி.

— கை தானா இழுத்துடுச்சிடா. காலைல வேலைக்கு கெளம்பும்போது வண்டி இருமுனா சோக்க இழுப்பேன்ல, அதே பழக்கம்.

— இது அதுக்கு தலைகீழு. முழுசா இழுத்தா சொட்டு பெட்ரோல் போவாது. தள்ளு, தள்ளு. காத்தாடி இன்னும் சுத்திகினுதான் இருக்கும், தானா புடிச்சிக்கும்.

— தள்ளிட்டேன்.

— ம். புடிச்சிகிச்சி.

— அன்பு.

— சொல்லுக்கா.

— உன் பேச்சு கேக்கணும்னு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர மொதல்லயே அணைச்சிட்டேன். இங்க ஒரு சத்தமும் இல்ல. நின்னதும் புடிச்சதும் உனக்கு எப்டிடா தெரிஞ்சிது?

— தலைக்கு மேல கேட்டுதுக்கா.

— நெசமாவே ஏதாவது ப்ளேன் போயிருக்கும்.

— அவ்ளோ ஒசரத்துல போற ப்ளேன் இருமாதுக்கா. இது இருமிச்சி.

— பேசாம நிறுத்திடட்டுமா?

— நிறுத்தாத. இப்ப இடது பக்கம் சாஞ்சியா?

— ஆமாம்.

— என் மேல நெழலு போச்சி.

— இன்னாடா சொல்ற?

— ரெக்கை நெழலு. மூஞ்சி மேல போயி பாறை மேல ஏறிச்சி. பயப்படாத, நான் சொல்றத கேளு. இப்ப எங்க இருந்தியோ அங்கயே திரும்பி வா. அதான் எடம்.

— நீ மயக்கத்துல பெனாத்துற. காய்ச்சல் அடிக்குதா?

— இருக்கட்டும், காய்ச்சல்னே வச்சிக்க. திரும்பி வாயேன்.

— வர்றேன், வர்றேன். எப்பா. அன்பு, பொளந்த பாறை தெரியுதுடா. நடுவுல கொல்லை. ஓடையும் இருக்கு.

— உடனே படம் எடுத்து எளவரசனுக்கு அனுப்பு.

— அம்மா போன்ல எடுத்து அனுப்பிட்டேன். இரு. பாத்துட்டாரு. அந்த கொல்லைய தெரியுமாம். அரை மணி நேரத்துல வந்துடுவாங்களாம். கேக்குதா? அரை மணி நேரம் தாங்கிக்கடா.

— கேக்குது. உனக்கு பெட்ரோல் எவ்ளோ இருக்கு?

— முள்ளு படுத்துடுச்சி. அது கெடக்குது வுடு, எடம்தான் தெரிஞ்சிபோச்சே. நான் எழுந்து பஸ்ஸ புடிச்சி வந்துடறேன்.

— எழுந்துக்காதக்கா. எறங்கு.

— எதுக்குடா?

— வெளிச்சம் இருந்தும் ஒண்ணும் தெரியல, மறுபடியும் மஞ்சு எறங்குது. காலைலேருந்து தனியா கெடக்குறேன். மனுச சத்தமே இல்ல. பக்கத்துல எறங்கேன்.

— சரிடா. அழாத. எறங்குறேன். எப்டின்னு சொல்லு.

— கறுப்ப இழுத்துடு. மூக்க ரொம்ப கீழ தொங்க வுடாத. கொல்லைய நேரா பாரு.

— இஞ்சின் நின்னுபோச்சிடா. இந்த வாட்டி நான் எதையும் தொடல.

— பெட்ரோல் தீந்துபோச்சி. பரவால்ல, மெதக்கும். டொய்ங் டொய்ங்னு போன் வேற கத்துது. நீ பேசிகினே இரு.

— பாறை தாண்டிட்டேன். மரவள்ளிக் குச்சி தெரியுது. அன்பு, ரொம்ப வேகமா வருதுடா. அன்பு? கேக்குதா?

— அன்பு, பேசுடா.

— இருக்கேன்க்கா. அப்டியே மூக்க லேசா தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆங்.

— நின்னுபோச்சி. எப்பா, முழுசா நின்னுபோச்சி.

— பாத்தேன். பத்து மரவள்ளிய சாச்சிட்ட.

— சிரிக்கிறியா? உன் கொரலு இப்ப தெளிவா கேக்குதுடா. மொதல்ல கரகரன்னு இருந்திச்சி.

— உன்னுதும்தான். பயம் போயிடுச்சிக்கா.

— எனக்கு போவல. வூட்ல வெயில் அடிச்சிகினு இருந்திச்சி, இப்ப ரூம்பு பூரா பொகை மாதிரி இருக்கு. காலெல்லாம் சில்லுன்னு ஈரமா இருக்கு. மேசைல இருந்த அந்த சேப்பு குமிழ காணோம்டா, கம்பி மட்டும் நீட்டிகினு இருக்கு. எளவரசன் வர்ற வரைக்கும் நீ போன வைக்காத, சொல்லிட்டேன்.

— குமிழு உன் கையிலதான்க்கா இருக்கு. போனு நீ பாறைய தாண்டும்போதே செத்துப்போச்சி, நீ என் எதிர்ல நின்னுகினுதானே பேசுற.