இரண்டாவது வரி

மத்திகிரி டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் திடீரென்று சொன்னார்: "எழுதினது நீங்க பாய். வெட்டினது நான்."

அவர் பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்ம் சட்டை போட்டவர், மடியில் சாத்துக்குடிப் பை. "என்ன சார் வெட்டினீங்க?"

"மிஷின் புரோகிராமை மாத்தும்போதெல்லாம் பழசையும், ஏன் மாத்தினோம்கிற குறிப்பையும் கம்ப்யூட்டர்ல சேத்து வைக்கிறோமில்ல? அதைக் காட்டுற கட்டளை நான் எழுதினது. லிஸ்ட் பாக்க அழகா இருக்கணும்னு குறிப்புல முதல் வரிய மட்டும் காட்ட வெச்சேன்."

"முதல் வரியில 'வேகம் கூட்டியிருக்கு'ன்னு எழுதினேன். ரெண்டாவதுலதான் 'கிளாம்ப் லூசாகுது, கிட்ட கை வெக்காதே'ன்னு எழுதினேன்."

"முழுசா பாக்கவும் வழி வெச்சேன் பாய். கட்டளைக்குப் பின்னாடி ஒரு கோடு போட்டு எஃப்னு அடிச்சா போதும். கட்டளை விவரப் புத்தகத்துல கூடப் போட்டிருக்கேன்."

"கீழ இன்னொரு வரி இருக்குன்னே அந்த மிஷின்ல நின்ன முனியப்பாவுக்குத் தெரியாதே சார். இருக்குன்னு தெரியாததை எவன் கேப்பான்?"

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கட்டளை எழுதினவர் பாய் பக்கம் திரும்பினார்.

"காலைல மாத்திட்டேன். இனிமே முழுசும் தானா வரும். சுருக்கமா வேணும்கிறவன்தான் தனியா கேக்கணும்."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கும்போது பாய் பையை அவரிடம் கொடுத்தார்.

"முனியப்பாவுக்கு நீங்களே குடுங்க. ஆனா கையில நீட்டாதீங்க சார். பக்கத்துல வெச்சிடுங்க."